மதுரைப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழை முன்னறிவிப்பைப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளியாகும் மழை அறிவிப்புகளில் பெரும்பாலானவை கடலோரத்தை மனதில் வைத்து எழுதப்படுபவை. பருவமழை தொடங்கிவிட்டதா என்பதே கடலோரத் தமிழ்நாட்டின் காற்றையும் மழையையும் பார்த்துத்தான் அறிவிக்கப்படுகிறது. மேலூரிலோ உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ இருந்துகொண்டு அதே அறிவிப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் போட்ட விதை வெயிலில் காயும். மழை இல்லை என்று அசந்திருந்த வாரத்தில் கண்மாய் மறுகால் பாயும்.

மானாவாரி விவசாயிகள், கண்மாய்ப் பாசனத்தைப் பார்த்துக்கொள்பவர்கள், திறந்த வெளியில் வேலை நடத்துபவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்பட்டிருக்கிறது. வரிசை முக்கியம்: பருவம், மாதம், வாரம், நாள், மணி நேரம் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வர வேண்டும். ஒவ்வொரு முன்னறிவிப்பும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். பருவ அறிவிப்பை வைத்து விதைப்பு நாளைக் குறிக்க முடியாது. மூன்று மணி நேர அறிவிப்பை வைத்துப் பயிரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. புதிதாகப் பழகுபவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான்.

1. செப்டம்பர் முடிவதற்குள் தயாராக இருக்க வேண்டியவை

முதல் தேவை சொந்த மழைமானி. மாவட்டத்தில் மேலூர், தல்லாகுளம், விரகனூர், கள்ளந்திரி, சோழவந்தான், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, எழுமலை, திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் என்று பல இடங்களில் மழை அளக்கிறார்கள். ஆனாலும் ஐப்பசி இடிமழை ஓர் ஊரில் கொட்டிவிட்டு அடுத்த ஊரை நனைக்காமல் போகும். உங்கள் நிலத்து அளவு கையில் இல்லாவிட்டால் எந்த அறிவிப்பு பலித்தது, எது தவறியது என்று உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

கடையில் வாங்க முடியாவிட்டால் நீங்களே செய்துகொள்ளலாம். வாய் விட்டம் 11.3 செ.மீ. இருக்கும் ஒரு புனலை 2 லிட்டர் பாட்டிலின் மேல் பொருத்துங்கள். அந்த வாயின் பரப்பு 100 சதுர செ.மீ. வரும், ஆகவே பாட்டிலில் சேரும் ஒவ்வொரு 10 மி.லி. தண்ணீரும் 1 மி.மீ. மழை. மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மி.லி. ஊசிக்குழலால் அளந்தால் போதும். பாட்டில் நிரம்பினால் 200 மி.மீ.; அதற்குமேல் மழை எதிர்பார்க்கும் நாளில் இடையிலேயே ஒருமுறை அளந்து ஊற்றிவிட வேண்டும். புனல் கழுத்தைச் சுற்றித் துணியால் இறுக்கி அடையுங்கள். இல்லாவிட்டால் புனலின் வெளிப்புறம் வழியும் நீரும் உள்ளே இறங்கி அளவைக் கூட்டிக் காட்டும்.

வைக்கும் இடத்தில் கவனம் தேவை. சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். வேப்பமரத்தடியில் வைத்த மழைமானி சாரலைக் காட்டாது. மழை நின்ற பிறகு இலையிலிருந்து சொட்டுவதையும் சேர்த்துக் காட்டும்.

அளக்கும் நேரம் காலை 8:30. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் முந்தைய நாள் காலை 8:30-க்குத் தொடங்கி இன்று காலை 8:30-க்கு முடிகிறது. அதனால் நேற்று மாலை பெய்த மழை இன்றைய தேதியில்தான் பதிவாகும். இதை மறந்து ஒப்பிட்டால் எல்லா அறிவிப்பும் ஒருநாள் தள்ளிப் பலித்ததுபோலத் தோன்றும்.

அடுத்து கைபேசியில் நான்கு செயலிகள். மாவட்ட முன்னறிவிப்புக்கு மௌசம், விவசாய ஆலோசனைக்கு மேக்தூத், இடி மின்னலுக்குத் தாமினி, பேரிடர் எச்சரிக்கைக்கு டிஎன்-அலர்ட். இவற்றுடன் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தமிழ் அறிக்கையை நேரடியாகத் திறக்கும் பழக்கமும் வேண்டும். பகிரப்பட்டு வரும் படங்களில் தேதி வெட்டப்பட்டிருக்கும்.

கடைசியாக, ஒரு குச்சியில் கட்டிய துணிக் கொடி. காற்றுத் திசையைப் பார்க்க இதுவே போதும். இந்தப் பருவத்தில் அதற்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பது 3-ஆவது படியில் தெரியும்.

2. பருவம் முழுமைக்கான அறிவிப்பு: எதற்கு, எதற்கு இல்லை

செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் நாட்களிலோ இந்திய வானிலை ஆய்வுத் துறை இதை வெளியிடும். முதலில் எந்தப் பரப்புக்குச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ‘தென் தீபகற்பம்’ என்றால் தமிழ்நாடு-புதுச்சேரி, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகம் ஆகிய ஐந்து உட்பிரிவுகளும் சேர்ந்த சராசரி. கடலோர ஆந்திரத்தின் நெல்லூரில் கொட்டினாலும் கணக்கு நிறையும். கள்ளிக்குடிக்கு அதனால் ஒரு சொட்டு கூட வராது.

‘இயல்பு’ என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு. தென் தீபகற்பத்துக்கு நீண்டகாலச் சராசரியில் 88 முதல் 112 சதவீதம் வரை இயல்பு. மொத்தமும் ஏழு நாளில் கொட்டித் தீர்த்தாலும் இயல்புதான். வாரம் ஒன்றாகப் பங்கிட்டுப் பெய்தாலும் இயல்புதான். பயிருக்கு இரண்டும் ஒன்றல்ல.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ, குளிரும் லா நினா பற்றிய செய்திகளை இந்த இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். பொதுவாக எல் நினோ ஆண்டுகளில் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை நன்றாக இருக்கும். லா நினா ஆண்டுகளில் குறையும். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடாகவும் கிழக்குப் பக்கம் குளிர்ந்தும் இருக்கும் நேர்மறை இருமுனை நிலையும் நமக்குச் சாதகம். ஆனால் இவை சாய்வுகள்தாம். 2016-லும் லா நினா பக்கம்தான் கடல் இருந்தது, 2021-லும் அப்படியே. 2016-இல் தமிழ்நாட்டில் 62 சதவீதம் மழை குறைந்தது. 2021-இல் இயல்பைவிட 50 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகப் பெய்தது. லா நினா என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டு விதை வாங்காமல் விட்டவர்களுக்கு 2021 பதில் சொல்லிவிட்டது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோயம்புத்தூர் காலநிலை ஆராய்ச்சி மையம் மாவட்ட வாரியாக ஓர் எதிர்பார்ப்பு தருகிறது. மதுரைக்காரர்களுக்குத் தென் தீபகற்பக் கணக்கைவிட அது நெருக்கமானது. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்தச் சாய்வை நம்பலாம். எதிரெதிராக இருந்தால் இயல்பு என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

இந்தப் படியில் எடுக்க வேண்டிய முடிவுகள் மூன்று: நீண்ட வயதுப் பயிரா குறுகிய வயதா, எவ்வளவு பரப்பில் செலவு செய்வது, காப்பீடு எடுப்பது. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். மழை எப்படி என்று பார்த்துவிட்டுக் கட்டலாம் என நினைப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்காது.

3. தொடக்கத்தை அடையாளம் காண்பது

அக்டோபரில் மதுரைப் பக்கம் இரண்டு விதமான மழை பெய்யும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது வெப்பச்சலன இடிமழை. காலையில் வெயில் சுட்டெரிக்கும், காற்று அசையாது, பிற்பகல் 3 மணிக்குமேல் மேகம் கோபுரமாக எழும்பும், மாலையில் இடியோடு ஒரு மணி நேரம் ஊற்றும். இது பருவக்காற்று கொண்டுவரும் மழை இல்லை. மேற்கிலிருந்து வரும் மேல்காற்று ஓய்ந்து, கிழக்கிலிருந்து வரும் கீழ்க்காற்று இன்னும் நிலைக்காத இடைவெளியில் பெய்வது. மதுரைக்கு ஆண்டின் அதிக மழை மாதம் அக்டோபராக இருப்பதற்கு இந்த இடிமழை பெரிய காரணம். சென்னைக்கு அந்த இடம் நவம்பருக்கு.

இரண்டாவது கொண்டல் என்னும் கிழக்குக் காற்றோடு வருவது. இரவிலும் விடியற்காலையிலும் பெய்யும், இடி குறைவு, கிழக்கிலிருந்து கூட்டம் கூட்டமாகத் தாழ்ந்த மேகம் ஓடிவரும், விட்டுவிட்டுப் பெய்யும். மண்ணுக்குள் ஈரம் இறக்குவது இந்த மழைதான்.

தொடக்கத்தை அறிவிக்க வானிலைத் துறை நான்கு விஷயங்களைப் பார்க்கிறது: தென்மேற்குப் பருவமழை கடலோரத் தமிழ்நாடு வரை விலகியிருக்க வேண்டும், தரைமட்டத்தில் கீழ்க்காற்று நிலையாக வீச வேண்டும், அந்தக் காற்று 850 ஹெக்டோபாஸ்கல், அதாவது ஏறத்தாழ 1.5 கி.மீ. உயரம் வரை தடித்திருக்க வேண்டும். கடலோரத்தில் பரவலாக மழை பெய்ய வேண்டும். இயல்பான தேதி அக்டோபர் 20. எல்லாம் பொருந்தினாலும் அக்டோபர் 10-க்கு முன் அறிவிக்க மாட்டார்கள்.

உங்கள் துணிக்கொடி இங்கே உதவுகிறது. காலை 9 மணிக்கு ஒருமுறை, மாலை 4 மணிக்கு ஒருமுறை பாருங்கள். தொடர்ந்து மூன்று நான்கு நாட்களுக்கு இரு வேளையும் காற்று கிழக்கு, வடகிழக்கிலிருந்து வந்தால் உங்கள் ஊரிலும் பருவம் மாறிவிட்டது. காலையில் கொண்டல், மாலையில் மேல்காற்று என்றால் பொறுங்கள். இன்னும் இடிமழைக் காலமே நடக்கிறது.

புள்ளிவிவரத்தில் ஒரு பொறி உண்டு. அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை பெய்யும் எல்லா மழையும், பருவமழை தொடங்காவிட்டாலும், வடகிழக்குப் பருவக் கணக்கில்தான் சேரும். அக்டோபர் 15 அன்று ‘மாவட்டத்தில் 60 சதவீதம் அதிகம்’ என்று வந்தால் இரண்டு மாலை இடிமழையே அதற்குப் போதும். நவம்பர் நடுவுக்குமுன் வரும் சதவீதங்களை வைத்துப் பருவத்தை எடைபோட வேண்டாம். அதன் பிறகு பார்க்கும்போது 19 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருந்தால் இயல்பு என்றுதான் துறை சொல்லும்.

4. நான்கு வாரப் பார்வை

வியாழக்கிழமைதோறும் வானிலைத் துறை அடுத்த நான்கு வாரங்களுக்கான நீட்டிக்கப்பட்ட முன்னறிவிப்பை வெளியிடுகிறது. முதல் இரண்டு வாரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று, நான்காம் வார வண்ணங்களைக் கவனத்தில் வைக்கலாம். அவற்றை நம்பிப் பணம் செலவழிக்கக் கூடாது.

அந்த அறிக்கையில் மேடன்-ஜூலியன் அலைவு என்று ஒன்று வரும். பூமத்திய ரேகையை ஒட்டி 30 முதல் 60 நாளில் உலகைச் சுற்றும் மேகக் கூட்டம் அது. எட்டு கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 2, 3, 4-ஆம் கட்டங்களில் வலுவாக இருந்தால் வங்கக்கடல் சுறுசுறுப்பாகும், நமக்கு மழை வாய்ப்பு கூடும். 6, 7, 8-இல் இருந்தால் ஓய்வு வாரம் வரலாம். களையெடுப்பு, மேலுரம், அறுவடை ஆட்களுக்குச் சொல்லிவைப்பது போன்ற வேலைகளை அந்த ஓய்வு வாரத்தை நோக்கி நகர்த்துங்கள்.

5. ஐந்து நாள் அறிக்கையின் சொற்களை அளவாக மாற்றுவது

இங்கே நிதானமாக இருங்கள். மிக அதிகமான தவறு நடப்பது இந்தப் படியில்தான். அறிக்கையில் வரும் ஒவ்வொரு சொல்லும் ஓர் அளவு. வழக்குப் பேச்சின் பொருளில் படிக்கக் கூடாது.

இடப்பரவல் முதலில். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை. ‘ஒருசில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 வரை. ‘அநேக இடங்களில்’ 51 முதல் 75. ‘பெரும்பாலான இடங்களில்’ 76-க்கு மேல்.

அடுத்து அளவு. 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மி.மீ. வரை மிதமான மழை. 64.5 முதல் 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. 2.5 மி.மீ.-க்குக் குறைவாகப் பெய்த நாள் ‘மழை நாள்’ கணக்கிலேயே வராது.

இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். ‘மதுரை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்பு’ என்றால் மாவட்டத்தில் நான்கில் ஒரு பங்கு நிலையங்கள் வரை 64.5 மி.மீ.-ஐத் தாண்டலாம். உங்கள் ஊர் அந்தக் கால்வாசியில் இருப்பதைவிட இல்லாமல் போகும் வாய்ப்பே அதிகம். ‘அநேக இடங்களில் மிதமான மழை’ என்ற அறிவிப்பில் ‘கன’ என்ற சொல் இல்லை. தொலைக்காட்சியிலும் அது பெரிதாக வராது. ஆனால் விதைப்புக்கு அதுதான் நல்ல செய்தி. பாதிக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு 15 மி.மீ. தாண்டிய மழை என்று அது சொல்கிறது.

செ.மீ.-யும் மி.மீ.-யும் குழம்பிவிடக் கூடாது. தமிழ் அறிக்கைகள் பெரும்பாலும் செ.மீ.-இல் வரும், செயலிகள் மி.மீ.-இல் காட்டும்.

வண்ணங்கள் இன்னொரு விஷயத்தைச் சொல்கின்றன. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை, மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கையில் இறங்குங்கள். மழையால் ஏற்படும் பாதிப்பைக் கணக்கிட்டு நிறம் தருகிறார்கள். மஞ்சள் நிறத்தைப் பார்த்துவிட்டு உழவுக்கு டிராக்டர் பேசுவது பொருந்தாது. மழை வராமலும் போகலாம். ஆரஞ்சு வந்தால் களத்தில் காயும் மக்காச்சோளத்தை அன்றே மூடிவிட வேண்டும்.

‘தென் தமிழகம்’, ‘தென் மாவட்டங்கள்’ என்று பொதுவாகச் சொல்லும் இடங்களில் ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி எல்லாம் அடங்கும். மாவட்டப் பெயரைத் தேடிப் படியுங்கள். பட்டியலில் மதுரை இல்லாமல் தேனியும் திண்டுக்கல்லும் மட்டும் இருந்தால் நகரத்துக்கு மழை இல்லாமலே வைகைக்குத் தண்ணீர் வரப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

6. வங்கக்கடலில் தாழ்வு உருவானால் எதைப் பார்ப்பது

பெயர் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள். காற்று மணிக்கு 31 கி.மீ.-க்குக் குறைவென்றால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62 தொட்டால் புயல். 89 முதல் தீவிரப் புயல். இந்தப் படிநிலை காற்றின் வேகத்தைக் குறிப்பது. மழையின் அளவு இதில் இல்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தபோது புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக்கடல் பக்கம் நிலவிய வளிமண்டலச் சுழற்சி ஒன்றுதான் காரணம். ‘வெறும் சுழற்சிதானே’ என்று யாரும் அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

மதுரைக்கு முக்கியம் அது எங்கே போகிறது என்பது. நம் பகுதியில் சுழற்சி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். மேற்கு நோக்கி வரும் சுழற்சியின் வடபுறத்தில் கடல்காற்று நிலத்துக்குள் ஏறும். தென்புறத்தில் நிலக்காற்று கடலுக்கு இறங்கும். அதனால் மழை பெரும்பாலும் வடபக்கம் சேரும்.

இதை மூன்று வழிகளாகப் பிரித்துப் பழகுங்கள்.

சென்னை, நெல்லூர் பக்கம் போனால் மதுரை தென்புறத்தில் மாட்டிக்கொள்ளும். மேல்காற்று வீசும், வானம் வெளுக்கும், ஈரம் குறையும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திரக் கரையைக் கடந்தது இந்த வகை. இப்படிப்பட்ட வாரம் அறுவடைக்கும் மருந்தடிப்புக்கும் வசதியானது. ‘புயல் வருது’ என்ற பேச்சைக் கேட்டு அந்த வாரத்தை வீணடிப்பவர்கள் நிறையப் பேர்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடந்தால் வலுவைப் பொறுத்து உள்ளே வரும். 2018 நவம்பர் 16 அதிகாலை கடந்த கஜா திண்டுக்கல், கொடைக்கானல் மலை வரை ஏறியது. வாழை, தென்னை வைத்திருப்பவர்கள் மழையைவிடக் காற்றுக்குத் தயாராக வேண்டிய பாதை இது. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பது, முற்றிய தேங்காயையும் இளநீரையும் முன்கூட்டியே இறக்கி மரத்தின் தலைக்கனத்தைக் குறைப்பது இரண்டும் காற்று எழும்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இலங்கையைத் தாண்டி மன்னார் வளைகுடா, குமரிக்கடலுக்கு வந்தால் மதுரை வடபுறத்தில் இருக்கிறது. நல்ல மழைக்கு வாய்ப்பு. ஆனாலும் உறுதி இல்லை. 2020 டிசம்பரில் புரெவி பாம்பன் அருகே வந்து வலுவிழந்து நகராமல் நின்றபோது பெருமழை சிதம்பரம் பக்கத்துக்குப் போனது. சுழற்சியின் மையப்புள்ளியைப் பார்த்துவிட்டு ‘நமக்குப் பக்கத்தில் இருக்கிறது’ என்று முடிவு செய்யாதீர்கள். மேகம் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள்.

பாம்பனில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண் துறைமுகத்துக்கும் படகுகளுக்கும் உரியது. 1-ஆம் எண் கூண்டு தொலைவில் ஒரு தாழ்வு இருக்கிறது என்பதை மட்டும் காட்டும். அதைப் பார்த்து மதுரையில் மழையைக் கணிக்க வேண்டாம்.

காற்று வரைபடச் செயலிகளில் பத்து நாள் தள்ளி ஒரு பெரிய சுழற்சி தெரிந்தால் அதைப் பகிராதீர்கள். அதே கணினிக் கணிப்பு மாதிரியை அடுத்த நாள் காலை திறந்தால் காணாமல் போயிருக்கும். ஐரோப்பிய மாதிரியும் அமெரிக்க மாதிரியும் தொடர்ந்து மூன்று கணக்கீட்டு ஓட்டங்களில் ஒரே பக்கம் காட்டினால், அதுவும் ஐந்து நாளுக்குள் என்றால், கவனிக்கத் தகுந்தது.

7. அன்றைய நாள்: மூன்று மணி நேர அறிவிப்பும் ரேடாரும்

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாவட்ட வாரியாக உடனடி அறிவிப்பு வரும். வேலையாட்களை வயலில் இறக்கலாமா, கான்கிரீட் போடலாமா என்பதற்கு இதுதான் ஆதாரம்.

ரேடார் படத்தை மதுரையிலிருந்து பார்ப்பவர்கள் ஒரு குறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். காரைக்கால், திருவனந்தபுரம் ரேடார்கள் இங்கிருந்து 200 கி.மீ.-க்கு மேல் தள்ளி இருக்கின்றன. பூமியின் வளைவால் அந்தத் தொலைவில் ரேடார் கதிர் தரையிலிருந்து சுமார் 4 கி.மீ. உயரத்தில் போகும். உயர்ந்த இடிமேகம் படும். கொண்டல் காற்றில் வரும் தாழ்ந்த மேகம் படாது. திரை வெறுமையாக இருக்கும்போதே வாசலில் மழை பெய்வது இதனால்தான். இடிமழைக் காலத்தில் ரேடாரை நம்பலாம். கார்த்திகை அடைமழையில் கிழக்கு வானத்தையும் பக்கத்து ஊர் நண்பரின் போனையும் நம்புங்கள்.

நேரக் குறிப்பும் ஏமாற்றும். செயற்கைக்கோள், ரேடார் படங்கள் பலவற்றில் உலகப் பொது நேரம் இருக்கும். 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். 0900 என்றிருந்தால் நமக்குப் பிற்பகல் 2:30.

மின்னல் பார்த்து 30 நொடிக்குள் இடி கேட்டால் வயலை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பப் போகக் கூடாது. ஒற்றைப் பனை, புளியமரத்தடியில் ஒதுங்குவதுதான் ஐப்பசியில் உயிரைக் குடிக்கிறது. ஆடு மேய்ப்பவர்களுக்கும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

8. மலையில் பெய்வதும் வைகையும்

மதுரை வெயிலில் காயும்போதே வைகை இரு கரையும் தொட்டு ஓடலாம். கீழ்க்காற்று வருசநாடு, மேகமலை, கொடைக்கானல் மலைச்சரிவுகளில் மோதி ஏறும்போது அங்கே கொட்டும். அது மூல வைகை, சுருளியாறு, வராக நதி வழியாக வைகை அணைக்கு வருகிறது. எனவே மழை அறிக்கையில் தேனி மாவட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மூன்றாவது வந்தால் வருகிற நீரை அப்படியே வெளியேற்றத் தொடங்குவார்கள். ஆற்றங்கரையில் மாடு கட்டுபவர்களும் மோட்டார் வைத்திருப்பவர்களும் 66 அடியிலேயே மேட்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் அரை அடிதான்.

கண்மாய்க்குத் தனிக் கணக்கு. 100 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் 50 மி.மீ. பெய்தால் 50,000 கன மீட்டர் தண்ணீர் விழுகிறது. மண் ஏற்கெனவே நனைந்திருந்து மூன்றில் ஒரு பங்கு ஓடிவந்தால் ஏறக்குறைய 16,600 கன மீட்டர், அதாவது அரை மில்லியன் கன அடிக்குச் சற்று மேல். காய்ந்த நிலத்தில் விழும் முதல் மழையில் இதில் ஒரு சிறு பங்கே வரும், மண் குடித்துவிடும். அதனால் அக்டோபரில் 50 மி.மீ. பெய்தும் கண்மாய் நிறையவில்லையே என்று நவம்பரில் அசந்துவிடக் கூடாது. அதே 50 மி.மீ. இரண்டாம் முறை வரும்போது உபரி நீர் வழியும் கலிங்கைத் தொடும்.

வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம், கலிங்கு முன் அடைப்பு, மடைப் பலகையின் நிலை மூன்றையும் புரட்டாசி முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும். நகரத்துக்குள்ளும் இதே கதைதான். 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் செல்லூர் பகுதிக்குள் தண்ணீர் புகுந்தது. செல்லூர் கண்மாயின் உபரி நீர் வைகைக்குப் போக அப்போது பந்தல்குடி வாய்க்கால்தான் வழியாக இருந்தது. அப்படி ஒற்றை வழியை நம்பியிருக்கும் தெருவில் குடியிருந்தால், ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததும் மின்மோட்டாரையும் வண்டியையும் உயரத்துக்கு ஏற்றுங்கள்.

9. அறிவிப்பை வேலையாக மாற்றுவது

மானாவாரிச் சோளத்துக்கு முன்பருவ விதைப்பு செய்பவர்கள் விதையை 5 செ.மீ. ஆழத்தில் போட வேண்டும். 5 மி.மீ. தூறலில் மேல்மண் நனைந்து விதை முளைத்து, அடுத்த மழை வராமல் கருகுவதைத் தடுக்கத்தான் இந்த ஆழம். 20 மி.மீ. அளவுக்கு நல்ல மழை விழுந்தால்தான் ஈரம் அங்கே போகும். மழைக்குப் பிறகு விதைப்பவர்கள் மழைமானியோடு மண்ணையும் தோண்டிப் பாருங்கள். கரிசலில் வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி மேலே காய்ந்திருக்கும். செவலில் மேலே நனைந்து உள்ளே காய்ந்திருக்கும்.

மேலுரம் இட, அடுத்த 48 மணி நேரத்துக்கு ‘கனமழை’ என்ற சொல் இல்லாமல் ‘மிதமான’ என்று இருப்பது நல்லது. கனமழை யூரியாவைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். மருந்தடிக்க, குறைந்தது ஆறு மணி நேர மழையற்ற இடைவெளி வேண்டும். இடிமழைக் காலத்தில் காலை 7 மணிக்கு அடிப்பதே பாதுகாப்பு; மாலையில் அடித்தது மழையில் போகும்.

பயிர் மூழ்கினால், காப்பீடு செய்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். உங்கள் மழைமானிக் குறிப்பேடு சட்ட ஆதாரம் ஆகாது. ஆனால் எந்தத் தேதியில் எவ்வளவு பெய்தது என்று அதிகாரியிடம் தெளிவாகச் சொல்ல உதவும்.

10. தினமும் செய்ய வேண்டிய பதிவு

ஒரு நோட்டில் ஐந்து பத்திகள் போடுங்கள்: தேதி, காலை 8:30 அளவு, காலை மாலைக் காற்றுத் திசை, முந்தைய நாள் அறிவிப்பில் மதுரைக்கு என்ன சொன்னார்கள், உங்கள் ஊரில் என்ன நடந்தது. அறிவிப்பை நடந்த பிறகு எழுதாதீர்கள். முந்தைய இரவே எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் மனம் தனக்கு வசதியாகத் திருத்திக்கொள்ளும்.

மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும். வெற்றிடம் விட்டால் அன்று மழை இல்லையா, அளக்க மறந்தோமா என்று பின்னால் தெரியாது.

டிசம்பர் 31-உடன் நோட்டை மூடிவிடாதீர்கள். சில ஆண்டுகளில் கீழ்க்காற்று மழை ஜனவரியிலும் தொடரும். அது பருவக் கணக்கில் சேராது. அறுவடைக்கு நிற்கும் நெல்லை மட்டும் சாய்த்துவிடும். கடைசிக் கதிர் களத்துக்கு வரும்வரை ஐந்து நாள் அறிக்கையைத் திறந்து பாருங்கள்.